பிழையைக் கருவி காட்டும். சரியை யார் சொல்வது?

இன்றைய வாழ்வில் கணினி நிரல் நுழையாத இடம் அரிது. பேருந்துக் கட்டணத்தைக் கழிப்பது, வங்கியில் பணத்துக்குக் கணக்கு வைப்பது, மருத்துவமனையில் கதிர்வீச்சின் அளவைக் கட்டுப்படுத்துவது, விமானத்தைச் சமநிலையில் பறக்க வைப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் பின்னால் மனிதர் எழுதிய கட்டளை வரிகள் உள்ளன. மனிதர் எழுதுவதால் அவற்றில் பிழைகளும் இருக்கும். அந்தப் பிழைகளைத் தேடும் வேலையைக் கணினியிடமே ஒப்படைக்கும் நுட்பங்கள் கடந்த சில பத்தாண்டுகளில் வேகமாக வளர்ந்துள்ளன. இவற்றைக் கண்ட சிலர், "இனி நிரலாளர் பிழையைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை, எல்லாவற்றையும் கருவி பார்த்துக்கொள்ளும்" என்கின்றனர். இக்கருத்தில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை நம்பினால் ஆபத்து இருக்கிறது.

கணினிப் பிழையை ஆங்கிலத்தில் 'பக்' என்பர். பூச்சி என்பது அச்சொல்லின் பொருள். இயந்திரக் கோளாறுகளைக் குறிக்கப் பொறியாளர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே இச்சொல்லைப் பயன்படுத்தினர். 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயங்கிய மார்க் 2 என்ற கணினியில் உண்மையாகவே ஓர் அந்துப்பூச்சி சிக்கிக்கொண்டது. அங்கிருந்தவர்கள் அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி வைத்தனர். அந்தப் பக்கம் இன்றும் அமெரிக்காவின் அரும்பொருளகம் ஒன்றில் பாதுகாக்கப்படுகிறது. அந்தப் பூச்சியைக் கண்ணால் பார்க்க முடிந்தது; கையால் எடுத்துப் போடவும் முடிந்தது. இன்றைய நிரல்களில் உள்ள பிழைகள் அப்படிப்பட்டவை அல்ல. பல இலட்சம் வரிகளுக்கு நடுவே, பார்ப்பதற்குச் சரியாகத் தோன்றும் ஒரு வரியில் அவை ஒளிந்திருக்கின்றன.

அத்தகைய ஒரு வரி என்ன செய்யும் என்பதை 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் உலகம் கண்டது. தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் முதன்முறையாக விண்ணில் பாய்ந்தது. சுமார் 40 வினாடிகளில் அது பாதை மாறி வானிலேயே சிதறியது. அதிலிருந்த நான்கு செயற்கைக்கோள்களும் அழிந்தன. ராக்கெட்டின் பக்கவாட்டு வேகத்தோடு தொடர்புடைய ஒரு பெரிய எண்ணை, 32,767க்கு மேல் கொள்ள முடியாத சிறிய இடத்தில் அடைக்க நிரல் முயன்றதே காரணம் என விசாரணைக் குழு கண்டறிந்தது. அந்த நிரல் பகுதி முந்தைய ஏரியன் 4 ராக்கெட்டுக்காக எழுதப்பட்டது. அதில் அந்த எண் ஒருபோதும் அவ்வளவு பெரிதாக வளரவில்லை. புதிய ராக்கெட்டின் வேகமோ வேறு. முதன்மைக் கருவி செயலிழந்தால் உதவுவதற்கென்று வைத்திருந்த மாற்றுக் கருவியிலும் அதே நிரல்தான் இருந்தது. ஆகவே, அதுவும் அதே காரணத்தால் செயலிழந்தது.

இவ்வளவு பெரிய விளைவைத் தரும் பிழையை முன்கூட்டியே ஏன் கண்டுபிடிக்க முடிவதில்லை? கோளாறு வெளிப்படும் இடமும் பிழை பிறந்த இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. தலைவலி என்று வரும் நோயாளிக்குக் கண்ணில் குறை இருக்கலாம். அதுபோலவே, நிரலின் ஆயிரமாவது வரியில் தவறான விடை தோன்றினாலும், அதற்கு வித்திட்ட பிழை பத்தாவது வரியில் இருக்கலாம். மனிதர் ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வந்தால் நாள்கள் ஓடிவிடும், கண்ணும் அயர்ந்துவிடும். சலிப்பின்றி ஒரே வேலையை ஆயிரம் முறை செய்யக் கணினியால்தான் முடியும். பிழை தேடும் நுட்பங்கள் எல்லாம் இந்த ஆற்றலையே பயன்படுத்திக்கொள்கின்றன.

அவற்றுள் ஒரு நுட்பம் ஓர் இடிமழை இரவில் தோன்றியது. 1988ஆம் ஆண்டு, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர், தொலைபேசி இணைப்பின் வழியாகப் பல்கலைக்கழகக் கணினியில் வேலை செய்தார். மழையின் இரைச்சல் இணைப்பில் கலந்ததால், அவர் தட்டிய எழுத்துகளோடு பொருளற்ற எழுத்துகளும் சேர்ந்து சென்றன. அவற்றை ஏற்க முடியாமல் பல நிரல்கள் நின்றுபோயின. இதையே அவர் தம் மாணவர்களுக்கு ஒரு பயிற்சியாக்கினார். மாணவர்கள் தாறுமாறான எழுத்துகளை உருவாக்கி நிரல்களுக்குள் செலுத்தினர். சோதித்த நிரல்களில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை செயலிழந்தன. ஒழுங்காகப் பயன்படுத்துவோரை மட்டும் மனத்தில் கொண்டு எழுதிய நிரல்கள், ஒழுங்கற்ற உள்ளீட்டின் முன் நிற்க முடியவில்லை. இன்று இணைய உலாவிகள் முதல் கைப்பேசிச் செயலிகள் வரை இம்முறையால் ஓயாமல் சோதிக்கப்படுகின்றன.

நிரல் நின்றுபோகிறது என்று தெரிந்த பிறகு, அதை நிறுத்தியது எது என்று தெரிய வேண்டும். இதற்கு உதவும் நுட்பம் பாதியாக வெட்டித் தேடுவது. நேற்றுவரை ஒழுங்காக ஓடிய நிரல் இன்று ஓடவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். இடையில் 1,024 மாற்றங்கள் செய்யப்பட்டுள்ளன. ஒவ்வொன்றாகச் சோதித்தால் ஆயிரம் முறைக்கு மேல் சோதிக்க வேண்டிவரும். நடுவிலுள்ள மாற்றத்தைச் சோதித்தால், பிழை அதற்கு முன்பா பின்பா என்பது தெரிந்துவிடும். 512 மாற்றங்கள் ஒரே சோதனையில் கழிந்துவிடும். இப்படியே போனால் பத்தே சோதனைகளில் குற்றவாளி அகப்படும்.

ஜெர்மானிய அறிஞர் ஆண்ட்ரியாஸ் செல்லர் இக்கருத்தை மேலும் வளர்த்தார். மொசில்லா உலாவியை ஓர் இணையப் பக்கம் செயலிழக்கச் செய்தது. அந்தப் பக்கத்தில் 896 வரிகள் இருந்தன. அவருடைய கருவி வரிகளை வெட்டி வெட்டிச் சோதித்தது. வெட்டிய பிறகும் உலாவி செயலிழந்தால், வெட்டியதைத் தூக்கி எறிந்தது. முடிவில் எஞ்சியது ஒரே ஒரு வரி! 896 வரிகளைப் பார்த்துத் திகைக்கும் நிரலாளருக்கு ஒரு வரியைக் கையில் கொடுப்பது பேருதவி அல்லவா?

மூன்றாவது நுட்பம் நிரலின் வரிகளுக்கே வண்ணம் தீட்டுவது. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட 'டாரன்டுலா' என்ற கருவி இதைச் செய்தது. தோல்வியுற்ற சோதனைகளில் அதிகமாக ஓடிய வரிகள் சிவப்பாகவும், வெற்றி பெற்ற சோதனைகளில் அதிகமாக ஓடிய வரிகள் பச்சையாகவும் தெரியும். இரண்டிலும் ஓடியவை இடைப்பட்ட நிறத்தில் இருக்கும்.

இதை விளக்க ஒரு பள்ளி நூலகத்தைக் கற்பனை செய்யலாம். நூலைத் தாமதமாகத் திருப்பித் தருவோருக்கு அபராதம் கணக்கிட ஐந்து வரிகளில் ஒரு நிரல் எழுதப்படுகிறது. முதல் வரி நூல் திரும்பிய நாளைப் படிக்கிறது. இரண்டாம் வரி தாமத நாள்களை எண்ணுகிறது. மூன்றாம் வரி, தாமதம் இல்லையெனில் அபராதம் இல்லை என்கிறது. நான்காம் வரி, ஏழு நாள் வரையிலான தாமதத்துக்கு நாளொன்றுக்கு 20 காசு விதிக்கிறது. ஐந்தாம் வரி, ஏழு நாளுக்கு மேற்பட்ட தாமதத்துக்கு நாளொன்றுக்கு 50 காசு விதிக்க வேண்டும். ஆனால், எழுதியவர் ஒரு சுழியத்தை விட்டுவிட்டு 5 காசு என்று எழுதிவிட்டார்.

இந்நிரலுக்கு ஐந்து சோதனைகள் நடத்தப்படுகின்றன: உரிய நாளில் தந்தது, இரண்டு நாள் முன்னதாகத் தந்தது, மூன்று நாள் தாமதம், ஏழு நாள் தாமதம், பத்து நாள் தாமதம். முதல் நான்கும் சரியான விடையைத் தருகின்றன. பத்து நாள் தாமதத்துக்கு மட்டும் 5 ரிங்கிட்டுக்குப் பதில் 50 காசு என்று விடை வருகிறது. முதல் இரண்டு வரிகள் எல்லாச் சோதனைகளிலும் ஓடின. அவை இடைப்பட்ட நிறம் பெறும். மூன்றாம், நான்காம் வரிகள் வெற்றி பெற்றவற்றில் மட்டும் ஓடின, அவை பச்சை. ஐந்தாம் வரி தோல்வியுற்ற சோதனையில் மட்டும் ஓடியது. அது அடர் சிவப்பு. நிரலின் பொருள் எதையும் அறியாமலே, எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கருவி சரியான இடத்தைச் சுட்டிவிட்டது.

நிரலை ஓட்டாமலேயே பிழை தேடும் முறையும் உண்டு. பிரான்சைச் சேர்ந்த பாட்ரிக் கூஸோ, ராதியா கூஸோ இணையர் 1977ஆம் ஆண்டு இதற்கான கணிதக் கோட்பாட்டை வெளியிட்டனர். ஒவ்வோர் எண்ணும் எந்த வரம்புக்குள் இருக்கும் என்பதைக் கணித்து, எண் அளவு மீறுமா, சுழியத்தால் வகுக்க நேருமா என்பதை இம்முறை முன்கூட்டியே கூறும். இக்கோட்பாட்டில் உருவான 'அஸ்த்ரே' என்ற கருவி, 2003ஆம் ஆண்டு ஏர்பஸ் ஏ340 விமானத்தின் கட்டுப்பாட்டு நிரலை முழுமையாக ஆராய்ந்தது. அந்நிரலில் 132,000 வரிகள் இருந்தன. அவற்றில் அத்தகைய பிழைகள் இல்லை என்று அது கணித முறையில் மெய்ப்பித்தது. ஏரியன் 5ஐ வீழ்த்தியதும் எண் அளவு மீறிய பிழைதான் என்பதை எண்ணிப் பார்த்தால், இதன் அருமை விளங்கும்.

ஆகவே, இக்கருவிகள் வேண்டாம் என்பது அறிவுடைமை ஆகாது. உயிரும் பொருளும் நிரலை நம்பியிருக்கும்போது, கிடைக்கும் கருவியைப் பயன்படுத்தாமல் இருப்பது பொறுப்பின்மையே. ஆனால், கருவி இருந்தால் போதும் என்பதும் பொருந்தாது. அதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவதாக, எல்லாப் பிழைகளையும் கண்டுபிடிக்கும் ஒரு கருவியை எவராலும் படைக்க முடியாது. எந்த நிரலைக் கொடுத்தாலும், அது ஒரு கட்டத்தில் நிற்குமா, நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்குமா என்று தவறாமல் சொல்லும் பொதுவான வழிமுறை இருக்க முடியாது என்பதை 1936ஆம் ஆண்டிலேயே ஆலன் டூரிங் நிறுவிக் காட்டினார். சோதனையால் பிழை இருப்பதைக் காட்ட முடியுமே தவிர, பிழையே இல்லை என்று காட்ட முடியாது என்பது நெதர்லாந்துக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவின் கருத்து. அஸ்த்ரேயும்கூடக் குறிப்பிட்ட வகைப் பிழைகள் இல்லை என்றுதான் உறுதி கூறியது.

இரண்டாவதாக, எழுதப்படாத வரியைக் கருவியால் சுட்ட முடியாது. நூலகம் மூடியிருக்கும் பொது விடுமுறை நாள்களுக்கு அபராதம் கிடையாது என்று பள்ளி முடிவு செய்திருக்கலாம். நிரலாளர் அதை மறந்திருந்தால், நிரலில் அதற்கான வரியே இருக்காது. இல்லாத வரிக்கு வண்ணம் தீட்டுவது எப்படி? கருவி அருகிலுள்ள ஏதோ ஒரு வரியைச் சிவப்பாக்கும். அந்த வரியிலோ தவறு எதுவும் இருக்காது.

மூன்றாவது காரணமே மிக முக்கியமானது. எது சரியான விடை என்பது கருவிக்குத் தெரியாது. பத்து நாள் தாமதத்துக்கு 5 ரிங்கிட் என்ற விடையை யார் எழுதினார்? ஒரு மனிதர் எழுதினார். அவர் 50 காசு என்று தவறாக எழுதியிருந்தால், ஐந்து சோதனைகளும் வெற்றி பெற்றிருக்கும். கருவியும் எல்லாம் பச்சை என்று காட்டியிருக்கும். 1999ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், செவ்வாய்க் கோளைச் சுற்றிவர அனுப்பப்பட்ட அமெரிக்க விண்கலம் தொலைந்துபோனது. உந்துவிசையின் விளைவை ஒரு குழுவின் நிரல் ஆங்கிலேய அளவையில் தந்தது. அதைப் பெற்ற மற்றொரு நிரலோ அதை மெட்ரிக் அளவை என்று எடுத்துக்கொண்டது. எந்த நிரலும் திடீரென நின்றுபோகவில்லை. எந்த எண்ணும் அளவு மீறவில்லை. கணக்கு நடந்தது; அதன் பொருள்தான் மாறிப்போனது.

இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பிழையைக் காட்டுவதோடு நின்றுவிடாமல் திருத்தத்தையும் எழுதித் தருகின்றன. "இனியும் மனிதர் தேவையா?" என்று சிலர் கேட்கலாம். நூலக நிரலையே மீண்டும் பார்ப்போர்க்கு விடை கிடைக்கும். "ஏழு நாளுக்கு மேல் தாமதமானால் 5 ரிங்கிட்" என்று ஒரு கருவி ஐந்தாம் வரியைத் திருத்தினால், ஐந்து சோதனைகளும் வெற்றி பெறும். ஆனால், இருபது நாள் தாமதித்தவரும் அதே 5 ரிங்கிட்தான் கட்டுவார். சோதனையை வென்றுவிட்டது, விதியைத் தோற்கடித்துவிட்டது. விதியை அறிந்த ஒருவர் படித்துப் பார்த்தால்தான் இந்தத் தவறு புலப்படும்.

கருவி காட்டிய இடத்தைப் பார்ப்பதும், பிழையைப் புரிந்துகொள்வதும் வெவ்வேறு. சந்தேகத்துக்குரிய வரிகளை வரிசைப்படுத்தித் தரும் கருவிகளை நிரலாளர்கள் எப்படிப் பயன்படுத்துகின்றனர் என்பதை ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்திலேயே ஆய்வாளர் இருவர் பின்னர் ஆராய்ந்து, 2011இல் முடிவை வெளியிட்டனர். நிரலாளர்கள் பட்டியலை மேலிருந்து கீழாக அப்படியே பின்பற்றிச் செல்லவில்லை. ஒரு வரியைப் பார்த்தவுடன் பிழை பளிச்சென்று விளங்கிவிடவும் இல்லை. அந்த வரி ஏன் அப்படி நடந்துகொண்டது என்பதை அவர்கள் சிந்திக்க வேண்டியிருந்தது.

அந்தச் சிந்தனைக்கு ஓர் உயிரின் விலை உண்டு என்பதைத் தெராக் 25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரத்தின் வரலாறு உணர்த்துகிறது. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் அந்த இயந்திரத்தால் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர்; அவர்களுள் சிலர் உயிரிழந்தனர். முந்தைய இயந்திரங்களில் இருந்த வன்பொருள் தடுப்புகள் இதில் நீக்கப்பட்டு, பாதுகாப்பு நிரலிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. டெக்சஸ் மாநிலத்திலுள்ள ஒரு மருத்துவமனையில் விபத்து நிகழ்ந்தபோது, இயந்திரத்தைச் சோதிக்க வந்தவர்களால் கோளாறை மீண்டும் வரவழைக்க முடியவில்லை. இரண்டாவது விபத்தும் நிகழ்ந்தது. அதன் பிறகு, அம்மருத்துவமனையின் இயற்பியலாளரும் இயந்திரத்தை இயக்கியவரும் சேர்ந்து அமர்ந்தனர். அன்று என்னென்ன செய்யப்பட்டது என்பதை நினைவுபடுத்தி, அதையே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தனர். கோளாறு மீண்டும் தோன்றியது. பழக்கத்தால் விரைந்து தட்டச்சு செய்பவர், தவறாக இட்ட ஓர் எழுத்தைச் சுமார் எட்டு வினாடிகளுக்குள் திருத்திவிட்டால், அந்தத் திருத்தத்தை நிரல் கவனிக்கத் தவறியது. மெதுவாகத் தட்டிச் சோதித்தவர்களுக்கு அது புலப்படவே இல்லை. "இயந்திரத்தில் பிழை இல்லை" என்ற சொல்லை ஏற்றுக்கொண்டு அவ்விருவரும் வாளாவிருந்தால், இன்னும் எத்தனை பேர் பாதிக்கப்பட்டிருப்பார்களோ!

இவற்றிலிருந்து மாணவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. நிரலை ஓட்டுவதற்கு முன்பே, என்ன விடை வர வேண்டும் என்பதைத் தாமே கணக்கிட்டு எழுதி வைக்க வேண்டும். வந்த விடையைப் பார்த்துவிட்டு, "இதுதான் சரியாக இருக்கும்" என்று தலையாட்டக் கூடாது. கருவி ஒரு வரியைச் சுட்டினால், அது ஏன் தவறு என்பதைத் தம் சொற்களில் ஒரு நண்பருக்கு விளக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். விளக்க முடியவில்லை எனில், பிழை இன்னும் புரியவில்லை என்றே பொருள். திருத்திய பிறகு, அந்தப் பிழையைக் காட்டிய சோதனையைத் தூக்கி எறியாமல் சேர்த்து வைக்க வேண்டும். மறுமுறை யாரேனும் அதே தவற்றைச் செய்தால், அச்சோதனை உடனே எச்சரிக்கும்.

வைக்கோல் போரில் ஊசியைத் தேடுவது கடினம். காந்தம் இருந்தால் தேடல் எளிதாகும். காந்தத்தை வேண்டாம் என்று ஒதுக்குவோர் காலத்தை வீணாக்குவர். ஆனால், காந்தம் எந்த இரும்பையும் இழுக்கும். தேடும் பொருள் ஊசிதானா என்பதை அது அறியாது. அதை அறிய வேண்டியவர் காந்தத்தைக் கையில் பிடித்திருப்பவரே. பிழை தேடும் நுட்பங்கள் இன்னும் கூர்மையாக வளர வேண்டும். அவற்றைக் கற்று மேம்படுத்தும் இளைஞர்களும் பெருக வேண்டும். அவ்வாறு வளரும் ஒவ்வொரு கருவிக்குப் பின்னாலும், எது சரி என்று தெரிந்த, தெரியாதபோது கேட்கத் துணிந்த ஒரு மனிதர் இருந்தாக வேண்டும்.